பிரான்சின் சொலேம் மடத்து கிரெகோரியன் பாட்டில் (லத்தீன் வழிபாட்டுப் பாட்டு) உங்களை உறுத்தும் இடம் எது?

சதுரச்சுரம்:
டிரிப்ளெக்ஸ், அதாவது ஒரே பாட்டை மூன்று குறியீட்டில் தரும் புத்தகம், புரட்டியவர்களுக்குத் தெரியும்: நடுவே நாலு கோட்டில் சதுரச் சுரம், மேலே கறுப்பில் லான் நகரத்துச் சுவடியின் குறி, கீழே சிவப்பில் சாங்க்ட் காலன் மடத்துச் சுவடிகளின் குறி. பெஸ் என்ற, கீழிருந்து மேலேறும் இருசுரக் குறியை மட்டும் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சதுரம். அச்சில் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் சிவப்பில் சில பெஸ்ஸின் அடி வளைந்திருக்கும், சில கோணமாக ஒடிந்திருக்கும். வளைந்தால் ஓட்டம், கோணமாக இருந்தால் இரண்டு சுரத்தையும் ஊன்ற வேண்டும். குறிலும் நெடிலும் ஒரே எழுத்தாகிவிட்டது போல. சொலேம் துறவி மொக்ரோ வகுத்த, எண்ணிப் பாடும் முறையில் பழகியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

பழஞ்சுவடி:
மொக்ரோவை அப்படித் தள்ளாதீர்கள். வேறு வேறு காலத்து, நாட்டுச் சுவடிகள் ஒத்துப்போனால் அதுவே மூல மெட்டு என்பது, 1833இல் சொலேமை மீட்ட கெராஞ்ஜே வைத்த அளவுகோல். அதை நிரூபித்தவர் மொக்ரோ. 'யூஸ்துஸ் உத் பால்மா' என்ற ஒரே பாட்டை 200க்கும் மேற்பட்ட சுவடிகளிலிருந்து படமெடுத்து வரிசையாக அச்சிட்டார். துறவு மடங்களைக் கட்டுப்படுத்திய 1901 பிரெஞ்சுச் சட்டத்தால் மடமே இங்கிலாந்தின் ஒயிட் தீவுக்குப் பெயர்ந்து 1922இல் திரும்பியது. நடுவில் வேலை நிற்கவில்லை. பின்னாளில் பழங்குறிகளை ஆராய்ந்த சொலேம் துறவி கார்தீன் கண்ட இந்த நுணுக்கமெல்லாம் அந்தப் படங்களின் மேல் நின்று கண்டதுதான்.

சதுரச்சுரம்:
படங்களுக்கு நன்றி ஐயா, மறுக்கவில்லை. குறை, சுரத்தை நீட்டும் புள்ளியிலும், எண்ணிக்கை தொடங்கும் இடத்தைக் காட்டும் சிறு கோடான இக்டஸிலும். 1908 வத்திக்கான் பதிப்பில் அவை கிடையாது, சொலேம் சேர்த்தது. இரண்டு மூன்றாக எண்ணிப் பாடும்போது எண்ணிக்கை சொல்லை மிதித்துவிடுகிறது.

உடுக்குறி:
இருவரும் பெஸ்ஸிலேயே நிற்கிறீர்கள். சொலேம் துறவிகள் பின்பற்றும் ஆசீர்வாதப்பர் ஒழுங்கு கேட்பது வாரத்துக்கு 150 திருப்பாடல். இரண்டு அணியாக அடிக்கு அடி மாறிப் பாடும் குழு உடைவது அங்கேதான். முதல் அடிக்கு எடுப்பு, அதாவது தொடக்கச் சிறு மெட்டு, உண்டு, பிறகு நேராக ஓதும் சுரம். சிலுவைக்குறி (†) வந்தால் சற்று இறங்கி அரை மூச்சு. அடியின் நடுவே வரும் உடுக்குறியில் (*) முழு மூச்சு, முழு மௌனம். அடி முடிந்ததும் மௌனம் கூடாது, எதிர் அணி உடனே எடுக்க வேண்டும். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: நடுவே ஓடிவிட்டு, முற்றுப்புள்ளியைப் பார்த்ததும் நிற்பார்கள். அதனால் எதிர் அணி தயங்கும், தயக்கத்தில் சுருதி இறங்கும், பத்தாவது அடியில் யாருக்கும் குரல் எட்டாது. சுருதி இறங்கினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்கும் அளவுக்கு. கடைசி அசையை இழுக்காமல் விடுங்கள். உடுக்குறியில் கை காட்டி நிறுத்தவும் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து மூச்சிழுக்கும் ஓசை கேட்கும், அது போதும்.

பழஞ்சுவடி:
எடுப்பு முதல் அடிக்கு மட்டும்தான், சரி. ஆனால் மாலை வழிபாட்டில் வரும் மரியாளின் பாட்டான மக்னிஃபிகாத்துக்கு ஒவ்வோர் அடிக்கும் உண்டு. அதை விட்டுவிட்டீர்கள்.