பேனாவில் மணி கடைந்த அனுபவம்: எந்த உளி கைகொடுத்தது?

மரப்பேனா கடைய ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வழவழவென்று ஒரே மாதிரி கடைந்து அலுத்துப்போய், பிடிக்கும் இடத்தில் மூன்று சின்ன மணிகள், அதாவது மரத்தைச் சுற்றி வளையமாக எழும்பி நிற்கும் உருண்டை மேடுகள், வைத்துப் பார்க்க ஆசை வந்தது. கையில் இருந்ததோ முக்கால் அங்குல ஸ்கியூ உளி, வாய் சாய்வாக இருக்கும் தட்டை உளி. நாற்காலிக் கால் கடைய அது ராஜா. 3 மி.மீ. அகல மணிக்கு அதைக் கொண்டுபோனால், ஒரு பக்கத்தை உருட்டும்போதே உளியின் மறுமூலை பக்கத்து மணியில் போய் உரசும். இரண்டாவது மணியிலேயே உளி வெடுக்கென்று கவ்வியது. லேத்தை நிறுத்திப் பார்த்தால் திருகாணி மரை மாதிரி ஒரு வெட்டு சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, அதன் அடியில், மரத்துக்குள் இருக்கும் பித்தளைக் குழாய் எட்டிப் பார்க்கிறது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். நான் கடைவது ஸ்லிம்லைன் என்ற மெல்லிய பேனா வகை, அதன் பித்தளைக் குழாய் 7 மி.மீ. நுனியில் மரத்தையும் சேர்த்து எட்டு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். அதாவது பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் மரம். அங்கே போய் மணி கடைந்தால் குழாய் தெரியாமல் என்ன செய்யும்? இப்போதெல்லாம் மணி வைக்கப்போகும் இடத்தை மட்டும் 11, 12 மி.மீ. கனத்தில் விட்டுவைத்துவிட்டு மற்றதைத்தான் இறக்குகிறேன்.

உளியையும் மாற்றினேன். இரும்பு லேத்துக்கு விற்கும் 3 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல், சூடு தாங்கும் எஃகு) துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் சாய்வாகச் சாணை பிடித்து, மரப்பிடியில் எபாக்ஸி பசை போட்டு இறுக்கினேன். நுனி சின்னதாக இருப்பதால் வேலை நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் பென்சிலால் கோடு, கோட்டில் உளியின் மூலையால் ஒரு கீறல். பிறகு மணியின் உச்சியில் ஆரம்பித்து, பிடியைத் தூக்கிக்கொண்டே விரல்களுக்குள் உருட்டிப் பள்ளத்தில் இறக்க வேண்டும். பெரிய உளியில் தோள் செய்யும் வேலையை இதில் இரண்டு விரல் செய்கிறது.

---

நான் ஸ்கியூ பக்கமே போவதில்லை சார். நுனியில் அரைவட்டக் குழி உள்ள பீடிங் உளிதான், எட்டில் ஒரு அங்குல அளவு. டூல் ரெஸ்டில் (உளியைத் தாங்கும் லேத் பாகம்) தட்டையாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி, பிடியை இடமும் வலமும் லேசாக ஆட்டினால் மணி தானாக எழும்பி வரும். மணியின் தலை குழியைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் தலை முழுக்கச் சிலும்பிவிடும். நான் பலமுறை அழுத்தியிருக்கிறேன்.

மழுங்கினால் குழிக்குள் கை வைக்காதீர்கள், வடிவம் கெட்டுவிடும். மேல்முகத்தை மட்டும் வைரத் தகட்டில் நாலு இழுப்பு, போதும். தேக்கு கடைந்தால் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும், அந்த மரத்தில் உள்ள சிலிக்கா உளியின் கூர்மையைத் தின்றுவிடுகிறது. கருங்காலியில் மணி கடையும்போது வரும் சுத்தமே தனி. இது சுரண்டுகிற உளி, கைத்திறமை இல்லாதவர்களுக்கு என்று சிலர் சொல்வார்கள். ஆறு மணிகள் வரிசையாக ஒரே அளவில் வேண்டுமென்றால் எனக்கு இதுதான்.

---

சொந்தமாக உளி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அரத்தைச் சாணை பிடித்து உளியாக்கினேன். முதல் நாள் நன்றாகத்தான் வெட்டியது. மறுநாள் லேசாகக் கவ்வியதும் படக்கென்று முறிந்து, துண்டு கண்ணாடிக் கவசத்தில் வந்து அடித்தது. கவசம் போட்டிருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரம் ரொம்பக் கடினம், ஆனால் நொறுங்கும். கான்கிரீட் ஆணியில் செய்தால் சாணையில் நீலம் பாயவிடக் கூடாது, நீலம் பாய்ந்த இடம் மென்மையாகிவிடும். தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள். ஹெச்.எஸ்.எஸ். என்றால் அந்தக் கவலை இல்லை.

---

உளி எல்லாம் சரிதான், என் மணிகளைக் கெடுத்தது உப்புத்தாள். அழகாகக் கடைந்துவிட்டு, பழக்க தோஷத்தில் சொரசொரப்பான 150-ஆம் நம்பர் தாளைச் சுற்றிப் பிடித்தேன். மணிகள் கரைந்து வெறும் அலையாகிவிட்டன. இப்போது 400-க்குக் கீழே தொடுவதில்லை. தாளை மடித்து, மடிப்பின் விளிம்பால் பள்ளத்தில் மட்டும் ஒரு தடவு. கடைசியில் அதே மரத்தின் சீவலைக் கைநிறைய அள்ளி, சுற்றும் மரத்தில் அழுத்தினால் மெருகு ஏறுகிறது.

சூப்பர் க்ளூ பூச்சும் இதற்கு ஆகாது. அடுக்கடுக்காகப் பூசும்போது பள்ளத்தில் தேங்கி, மணிக்கு மணி இடையே உள்ள கூர்மை போய்விடும். எண்ணெயும் மெழுகும்தான் நான் போடுவது.

---

ஒரு சந்தேகம். என் மணிகள் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலாகவும் வருகின்றன. உளி கூராகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

---

மேண்ட்ரல் (பேனா மரத்தைக் கோத்துப் பிடிக்கும் கம்பி) நட்டை எவ்வளவு இறுக்குகிறீர்கள்? பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் கம்பி வில் மாதிரி வளையும், மரம் கோணலாகச் சுற்றும். வழவழப்பான பேனாவில் அது சட்டென்று தெரியாது, மணியில் காட்டிக்கொடுத்துவிடும். விரலால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் கொடுங்கள். லேத்தின் வால் பக்கத்தில் கம்பியைத் தாங்கும் முனையையும் மெதுவாகத் தொடும் அளவுக்கு வைத்துப் பாருங்கள்.