நெரீஸா, பெரினெரீஸா? கடல் புழுவை அடையாளம் காண உதவி தேவை

சல்லடைக்காரன்:
பாறை இடுக்கில் எடுத்த பாலிகீட் புழுக்கள் (சுணையுள்ள கடல் வளையப்புழுக்கள்) சில கையில் இருக்கின்றன. ஃபார்மலினில் வைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றினேன். தலையில் நான்கு கண், இரண்டு உணர்கொம்பு, தடித்த பால்ப் (தலை முன்னால் உள்ள உணர்வுறுப்பு) இரண்டு, பக்கத்துக்கு நான்கு இழைகள். நெரீடிடே குடும்பம் என்பதுவரை வந்துவிட்டேன். படங்களோடு ஒப்பிட்டால் அதில் நெரீஸ் பேரினம் மாதிரியும் தெரிகிறது, பெரினெரீஸ் பேரினம் மாதிரியும் தெரிகிறது. தொண்டை உள்ளே சுருங்கிக் கிடக்கிறது. ஒரு புழுவுக்கு வால் பாதியே இல்லை. பச்சை நிறம், இவ்வளவு நீளம் என்பதைத் தாண்டி விவரிப்பில் என்ன எழுதுவது?

சுணைப்புழு:
பச்சையை மறந்துவிடுங்கள். எத்தனாலில் போனபின் பாதிப் புழுக்கள் பழுப்புதான். நீளமும் சுருங்கினால் ஒன்று, தளர்ந்தால் ஒன்று. அதைவிட, பத்தாவது சுணைக்கண்டத்தில் (சுணை எனும் முள்மயிர் உள்ள உடல் கண்டம்) உடல் அகலம் என்ன என்று எழுதினால் மற்ற புழுக்களோடு ஒப்பிட முடியும். பாராபோடியாவை, அதாவது பக்கவாட்டுக் கால்மடல்களைச் சேர்த்து அளந்தீர்களா, சேர்க்காமலா என்றும் குறித்துவிடுங்கள்.

நெரீடிடேயில் வாயைத் திறக்காமல் பேர் வைப்பது வீண் வேலை. நுண்கத்தரியால் கீழ்ப்புறமாக, நடுக்கோட்டை விட்டுச் சற்றே ஒதுங்கி, நீளவாக்கில் வெட்டி விரியுங்கள். தாடை இரண்டு தெரியும். தாடைகளை ஒட்டிய வளையத்தில் ஒன்று முதல் நான்கு வரை, வாயை ஒட்டிய வளையத்தில் ஐந்து முதல் எட்டு வரை என்று பகுதிகளைப் பிரிப்பார்கள். அங்கே சிறு கரும்பற்கள், அதாவது பாராக்னாத்துகள் இருக்கும். ஆறாம் பகுதி மேல்புறம் இருப்பதால் கீழிருந்து வெட்டினால் அதற்குச் சேதமில்லை. அங்கே கூம்புப் பற்களுக்குப் பதில் குறுக்கே பட்டையாக ஒரு பல் படுத்திருந்தால் பெரினெரீஸ் பக்கம் போகலாம்.

அப்புறம் பின்பகுதிப் பாராபோடியம் ஒன்றை வெட்டி, கிளிசரினில் ஸ்லைடு போடுங்கள். மேல்மடலில் உள்ள கூட்டுச் சுணைகளைப் பாருங்கள். தண்டின் நுனியில் மூட்டு இருக்கும், அதன் மேல் ஒரு அலகு. அலகு நீண்டு ஊசி போல இருந்தால் ஸ்பினிஜர். குட்டையாக அரிவாள் போல வளைந்திருந்தால் ஃபால்சிஜர். பின்கண்டங்களின் மேல்மடலில், மூட்டின் இரு பக்கமும் சமமாக உள்ள ஃபால்சிஜர் இருந்தால் நெரீஸ். அங்கே ஸ்பினிஜர் மட்டும், ஆறாம் பகுதியில் பட்டைப் பல்லும் இல்லை என்றால் நியாந்தெஸ் என்ற பேரினத்தைப் பாருங்கள். முன்பகுதியில் தேடினால் இது தெரியாது. அதனால் வாலில்லாத புழுவைத் தொடாதீர்கள், முழுசாக இருப்பதில் ஒன்றை எடுங்கள்.

கடலோசை:
டிஎன்ஏ எடுத்தால் வேலை முடிந்துவிடாதா?

சுணைப்புழு:
ஃபார்மலினில் போனதில் எடுப்பது பெரும்பாடு. அடுத்த முறை ஒரு புழுவை நேராக 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள். அப்போதும் ஒப்பிட உருவ விவரிப்பு வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. தொண்டை வெளியே வரவேண்டும் என்றால் ஃபார்மலினுக்கு முன் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயங்கவிடுங்கள். நன்னீரில் 7 சதவீத அளவு போதும்.

சல்லடைக்காரன்:
நன்றி அக்கா, வெட்டிப் பார்த்துவிட்டேன். ஆறாம் பகுதியில் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு அகலப் பட்டை. பின்கண்ட மேல்மடலில் ஸ்பினிஜர் மட்டும். பெரினெரீஸ் கல்ட்ரிஃபெரா என்று எழுதட்டுமா?

சுணைப்புழு:
பேரினம் சரி. ஆனால் சிற்றினத்தில் அவசரப்படாதீர்கள். ஒற்றைப் பட்டை கண்ட இடமெல்லாம் அந்தப் பெயரை ஒட்டி வைத்துக் குழம்பிப்போன கதைதான் அது. இப்போதைக்குப் பேரினத்தோடு நிறுத்துங்கள். எட்டுப் பகுதிகளிலும் பல் எண்ணிக்கை, முன், நடு, பின் பாராபோடியாவின் படம், எந்தக் கண்டத்திலிருந்து எடுத்தது என்ற எண், இவ்வளவும் வேண்டும். இரண்டு மூன்று புழுக்களில் எண்ணுங்கள், எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.