சபை கண்டிப்பா இருக்கா, இல்ல ஆளைப் பிடிச்சு வச்சிருக்கா? எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

செந்தூல்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க மலேசியா, கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம், தாத்தா காலத்துலேர்ந்து லுத்தரன் குடும்பம். தங்கச்சிக்கு 24 வயசு, சைபர்ஜெயாவுல வேலை. காலேஜ்ல படிக்கும்போது ஒரு ஃப்ரெண்டு மூலமா வேற ஒரு ஃபெலோஷிப்புக்குப் போக ஆரம்பிச்சா, பேரு போட விரும்பல. முதல்ல எங்களுக்கு சந்தோசம்தான், கோயிலுக்குக் கெளம்புன்னா போர்வைய இழுத்துப் போத்துற பொண்ணு இப்போ விடியக்காலைல எழுந்து பைபிள் வாசிக்குது, அம்மாவுக்கு வேற என்ன வேணும்.

ஆனா இப்போ எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தா மொதல்ல கேர் லீடர்னு, அவளைக் கவனிச்சுக்க அந்த ஃபெலோஷிப்புல வச்சிருக்குற ஒரு அக்காவுக்கு வாட்சப் எழுதுறா. காலைல எத்தனை மணிக்கு எழுந்தேன், யார்கூட மத்தியானம் சாப்பிடப் போனேன், மனசுல என்ன கெட்ட நினைப்பு வந்துச்சு, எல்லாத்தையும். அனுப்பிட்டு அந்த ரெண்டு டிக்கும் நீலமா மாறுற வரைக்கும் சோத்துல கை வைக்க மாட்டேங்குறா. பினாங்குல பாயான் லெப்பாஸ்ல நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைச்சுது, லீடர் ஜெபிச்சுப் பாத்துட்டு "இது ஆண்டவர் தொறந்த கதவு இல்ல"ன்னாங்களாம், உடனே வேணாம்னு எழுதிப் போட்டுட்டா. சம்பளச் சீட்டை வாங்கிப் பாத்துதான் தசமபாகம், அதாவது சம்பளத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை, சரியா வருதான்னு கணக்குப் பாக்குறாங்க. அப்பா கொஞ்சம் சத்தமா கேட்டதுக்கு "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதேன்னு வசனம் இருக்குப்பா"ன்னு அழுதுட்டா.

இதுக்கு நடுவுல எனக்கே குழப்பம். தாத்தா காலத்துல எங்க ஐயர்மாரும், அதாவது சபைப் போதகர்களும், கண்டிப்பானவங்கதான், தப்பு செஞ்சவங்களைத் திருவிருந்துக்கு வராதீங்கன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. அதை யாரும் கல்ட்டு, ஆளை அடிமையா வச்சிருக்குற கூட்டம்னு சொல்லல. அப்போ எங்க கோடு போடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த் அண்ணன்:
தங்கச்சி, நான் நகை போடாத பெந்தெகொஸ்தே வீட்ல வளந்தவன், கண்டிப்புன்னா என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். அம்மா காதுல ஒரு பொட்டுத் தங்கம் பாத்ததில்ல, வெள்ளை உடுப்பு, சினிமா கிடையாது, ஞாயித்துக்கிழமை கடையில ஒண்ணும் வாங்கக் கூடாது. சிலர் மருந்து கூட எடுக்க மாட்டாங்க, அதுல மட்டும் எனக்கு இன்னைக்கும் உடன்பாடு இல்ல. ஆனா இதெல்லாம் ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க, எடுத்தப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வராது. பாஸ்டர் வீட்டு அம்மா கழுத்தும் எங்க அம்மா கழுத்து மாதிரியேதான் இருக்கும், அவருக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டம்னு இல்ல.

எங்க அக்கா மெதடிஸ்ட் மாப்பிள்ளையைக் கட்டிட்டு வெளிய போச்சு. சபைக்கு வருத்தம்தான், பேரை எடுத்துட்டாங்க, பாஸ்டர் வீட்டுக்கு வந்து கொஞ்சம் வலிக்குற மாதிரியே பேசிட்டுப் போனாரு. ஆனா "மககூடப் பேசாதே"ன்னு அம்மாகிட்ட யாரும் சொல்லல. அக்காவுக்குப் பிள்ளை பொறந்தப்போ அதே பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கி வச்சு ஜெபம் பண்ணாரு. வெளிய போனவங்களை அந்த சபை எப்படி நடத்துதுன்னு மொதல்ல விசாரிங்க. உங்க தங்கச்சிக்கு முன்னாடி அங்கேர்ந்து விலகுனவங்க யாராச்சும் இருப்பாங்க, அவுங்களைப் பத்தி உள்ள இருக்கறவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணு, நகை போடாதேங்கறதுக்கு எங்க ஆளுங்க ஒரு வசனம் காட்டுவாங்க, ஒத்துக்கலாம், ஒத்துக்காம போகலாம். பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகாதேன்னு எந்த வசனம் இருக்கு? அது அந்த அக்காவோட அபிப்பிராயம், அதைக் கடவுள் சொன்னதா சொல்றது ரொம்ப ஆபத்து.

மூப்பர், கெப்போங்:
நான் ஒரு தமிழ் சபைல மூப்பரா இருக்கேன், கொஞ்சம் மறுபக்கமும் சொல்லிடுறேன். இப்பெல்லாம் பாஸ்டர் ஒரு வார்த்தை கண்டிச்சா உடனே கன்ட்ரோல் பண்றாங்க, கல்ட்டுன்னு பேஸ்புக்ல போட்டுட்டு அடுத்த வாரமே வேற சபைக்குப் போயிடுறாங்க. எபிரெயர் 13:17 நடத்துகிறவங்களுக்குக் கீழ்ப்படியுங்கன்னுதான் சொல்லுது, அதை எடுத்து எறிஞ்சுட முடியாது. எங்க சபைல ஒருத்தரு ஆராதனை நடத்துவாரு, அருமையான குரல், வீட்ல மனைவியை அடிக்கிறாருன்னு தெரிஞ்சுது. விசாரிச்சோம், உண்மைன்னு தெரிஞ்சதும் ஊழியத்துலேர்ந்து நிறுத்துனோம். அவரு ஊரெல்லாம் போயி எங்க சபை ஆளை அடிமைப்படுத்துதுன்னு சொன்னாரு. அன்னைக்கு நாங்க அதிகாரத்தைப் பயன்படுத்தலன்னா அந்த அம்மாவை யாரு காப்பாத்துறது? மத்தேயு 18 அதுக்குத்தான் இருக்கு, மொதல்ல தனியா பேசு, கேக்கலன்னா ரெண்டு மூணு பேரோட போ, அதுக்கப்புறம்தான் சபைக்கு. வாரா வாரம் செல் குரூப்புல, அதாவது சபைக்குள்ள கூடுற சின்னக் குழுவுல, ஒருத்தருக்கு ஒருத்தர் கணக்குக் கொடுக்குறதும் நல்ல சபைகள்ல இருக்கு, அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா.

வெளிய வந்தவன்:
மூப்பர் ஐயா சொன்னது நியாயம், அந்த ஆளை நிறுத்துனது சரி. ஆனா அங்க தப்பு என்னன்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பக்கமும் விசாரிச்சீங்க, ஒரு ஆளா இல்லாம கூடி முடிவு எடுத்தீங்க. இந்தப் பொண்ணு விஷயத்துல அவ செஞ்ச தப்பு என்ன? மத்தியானம் யார்கூட சாப்பிட்டாங்கறது எந்தப் பாவம்?

நான் பெட்டாலிங் ஜெயாவுல ஒரு குரூப்புல வருஷக்கணக்கா இருந்துட்டு வந்தவன். மொதல்ல அன்பு தாங்க முடியாது, பொறந்த நாளுக்கு அர்த்த ராத்திரில கேக்கோட கதவு தட்டுவாங்க, நமக்காக இவ்ளோ செய்றாங்களேன்னு நாமளே மனசுல உள்ளதையெல்லாம் கொட்டுவோம். அப்புறம் ஒரு நாள் நான் தனியா சொன்ன விஷயம் பேரு இல்லாம பிரசங்கத்துல வந்துச்சு, சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அன்னைலேர்ந்து கேள்வி கேக்க வாய் வரல, கேட்டா அடுத்தது என்ன வெளிய வரும்னு பயம். விலகுனப்புறம் தம்பி தம்பின்னு கூப்பிட்டவங்க பிரிக்பீல்ட்ஸ்ல என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுறாங்க.

இது புதுசும் இல்ல. அமெரிக்காவுல 1970கள்ல ஃபுளோரிடால அஞ்சு பேரு சேந்து மேய்ப்பன் முறைன்னு ஒண்ணு பரப்புனாங்க, ஒவ்வொரு விசுவாசிக்கும் மேல ஒரு மேய்ப்பர், கல்யாணம், வேலை, வீடு மாறுறது வரைக்கும் அவர்கிட்ட கேக்கணும்னு ஆகிப்போச்சு. அவுங்க கெட்டவங்க இல்ல, பைபிளை நல்லா போதிச்சவங்கதான். குடும்பங்கள் உடைஞ்சு, அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரான பாப் மம்ஃபோர்டே 1990 வாக்குல பகிரங்கமா மன்னிப்புக் கேட்டாரு. அதனால போதனை சரியா இருக்கு, அப்போ எல்லாம் சரியா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. பெரிய ஸ்தாபனத்துல சேந்த சபைங்கறதும் போதாது, 1978ல கயானா காட்டுல 900 பேருக்கு மேல செத்தாங்களே, அந்த ஜிம் ஜோன்ஸ் சபை அமெரிக்காவுல பேரும் மரியாதையும் உள்ள ஒரு திருச்சபைப் பிரிவுல அங்கமா இருந்ததுதான். பொண்ணைப் பத்தி அவ்ளோ தூரம் பயப்பட வேணாம், பெரும்பாலான குரூப்பு அந்த அளவுக்குப் போறதில்ல. ஆனா வேலையும் கல்யாணமும் கைவிட்டுப் போறதே ஒரு வாழ்க்கை போறதுதான்.

அந்தத் தொடாதே வசனம், சங்கீதம் 105:15. தங்கச்சியோட உக்காந்து 12லேர்ந்து வாசிங்க. அங்க அபிஷேகம் பண்ணப்பட்டவங்கன்னு சொல்றது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை, கொஞ்சப் பேரா, பரதேசியா ஊர் ஊரா அலைஞ்சவங்க. அவுங்களைத் தொடாதேன்னு கடவுள் ராஜாக்களைக் கண்டிக்கிறாரு. பலசாலிகிட்டேர்ந்து இல்லாதவனைக் காப்பாத்துற வசனத்தைத் தூக்கித் தலைவருக்குக் கேடயமா வச்சிருக்காங்க. தாவீது தன்னைக் கொல்லத் தேடுன சவுல் ராஜாவைத் தொடலதான், ஆனா குகைக்கு வெளிய நின்னு நீங்க செய்றது தப்புன்னு சத்தமா சொன்னாரு, சவுல் அழுதும், பின்னாடி இன்னொரு தடவை திரும்பி வான்னு கூப்பிட்டும், அரண்மனைக்குத் திரும்பிப் போகல. அப்புறம் அதே தாவீது ராஜாவாகித் தப்பு பண்ணப்போ நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரா, தப்பு செஞ்ச அந்த மனுஷன் நீதான்னு சொன்னாரு. தாவீது அபிஷேகம் பண்ணப்பட்டவருதானே?

புக்கிட் மெர்தாஜாம் ஆன்ட்டி:
நான் கத்தோலிக்கம்மா. போப், ஆயர், பாவசங்கீர்த்தனம் (சாமியார்கிட்ட பாவத்தை அறிக்கை பண்றது)னு எங்களைத்தான் எல்லாரும் ரொம்பக் கண்டிப்புன்னு சொல்வாங்க, அது உண்மைதான். ஆனா எங்க திருச்சபைச் சட்டத்துல 983வது விதியைப் பாருங்க, பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் எந்தக் காரணத்துக்காகவும் வெளிய சொல்ல முடியாது. 991ல யார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றதுங்கறது நம்ம இஷ்டம். கன்னியாஸ்திரி மடத்துலயே, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவங்ககிட்டயே, உன் மனசாட்சிய எனக்குத் தொறந்து காட்டுன்னு மதர் சுப்பீரியர் தூண்டக் கூடாதுன்னு 630ல இருக்கு. எதுக்கு அவ்ளோ கவனம்னா, ஒருத்தரோட உள்ளமும் அவுங்களோட வேலை, சாப்பாடு, தங்குற இடமும் ஒரே ஆள் கையில போனா அந்த ஆள் என்ன வேணாலும் செய்யலாம். உங்க தங்கச்சியோட நெஞ்சுல உள்ளது முழுக்க யாரோ ஒரு பொண்ணோட ஃபோன்ல எழுத்துல கிடக்குது, நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

அதுக்காக எங்க கிட்ட எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். இவ்ளோ சட்டம் இருந்தும் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையை எத்தனையோ நாட்டுல மூடி மறைச்சிருக்காங்க, உலகத்துக்கே தெரியும். அதனால சட்டப் புத்தகம் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அதைக் கையில வச்சுக்கிட்டு எந்திரிச்சுக் கேள்வி கேட்ட ஆளுக்கு அடுத்த மாசம் என்ன நடக்குதுன்னு பாருங்க.

செந்தூல்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணன் சொன்ன மாதிரி விலகுனவங்களைப் பத்திப் பேச்சோட பேச்சா கேட்டேன். "அவுங்களோட நாங்க பேசுறதில்ல, அந்த ஆவி நம்ம மேல வந்துரும்"னு சொன்னா. எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. இப்போ பூச்சோங்ல சிஸ்டர்ஸ் எல்லாம் ஒண்ணா தங்குற வீட்டுக்குப் போகப்போறேன்னு வேற சொல்றா. அப்பா ஃபோனைப் பிடுங்கி வைக்கலாம்னு நிக்கிறாரு. என்ன பண்றது? அந்த ஃபெலோஷிப்போட கணக்கு வழக்கெல்லாம் கேக்க முடியுமா?

வெளிய வந்தவன்:
அப்பாகிட்ட தயவு செஞ்சு சொல்லுங்க, ஃபோனைப் பிடுங்கவே கூடாது. குடும்பம் துன்பப்படுத்தும்னு அவுங்க முன்கூட்டியே சொல்லி வச்சிருப்பாங்க, பிடுங்குனா லீடர் சொன்னது பலிச்சிருச்சுன்னு ஆயிடும். 18 வயசு தாண்டுனவ, போலீஸாலயும் இழுத்துட்டு வர முடியாது. லீடரைப் பத்தி ஒரு வார்த்தை கெட்டதா பேசாதீங்க, அவளைப் பத்திப் பேசுங்க. போறதா இருந்தா ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு மூணும் உன் கையிலயே இருக்கட்டும், பின் நம்பர் யாருக்கும் சொல்லாதேன்னு மட்டும் கேட்டுக்கோங்க, ரூமை அப்படியே விட்டு வைங்க. அங்க அடிச்சாலோ மிரட்டினாலோ தாலியான் காசேங்கற அரசாங்க உதவி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பாங்க, நம்பரை அவ ஃபோன்லயும் போட்டு வைங்க.

கணக்கு விஷயம்: ஆர்ஓஎஸ்-ல (சங்கங்களைப் பதியுற அரசாங்க அலுவலகம்) பதிஞ்ச சபைன்னா 1966 சங்கச் சட்டப்படி வருஷாந்திரக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள வரவு செலவோட ரிட்டர்ன் அனுப்பணும். சில சபைங்க எஸ்எஸ்எம்-ல (கம்பெனிகளைப் பதியுற ஆணையம்) கம்பெனியா பதிஞ்சிருக்கும், அந்தப் பேப்பரை யாரும் காசு கட்டி வாங்கிப் பாக்கலாம். நீங்க போயி கேக்காதீங்க, அவளே உறுப்பினரா கேக்கட்டும். நாங்க கேட்டப்போ "விசுவாசம் இருந்தா கணக்கு எதுக்கு"ன்னாங்க. பவுலே எருசலேமுக்குக் காணிக்கை அனுப்புறப்போ யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு கூட ஆளை அனுப்புனாரு, 2 கொரிந்தியர் 8.

மூப்பர், கெப்போங்:
ஆவி வந்துரும்னு சொல்லிப் பேச விடாம வைக்கிறாங்கன்னா நான் மேல எழுதுனது இவுங்களுக்குப் பொருந்தாதும்மா. சம்பளச் சீட்டு வாங்குறதும் எங்க கிட்ட இல்ல, யாரு எவ்ளோ கொடுத்தாங்கன்னு பொருளாளருக்குத்தான் தெரியும், பாஸ்டருக்கே தெரியாது. தங்கச்சியை ஒரு சின்ன விஷயத்துக்கு லீடர்கிட்ட முடியாதுன்னு சொல்லச் சொல்லிப் பாருங்க, இந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரல, அம்மாகூட இருக்கேன்னு மட்டும், காரணம் விளக்காம. நல்ல மேய்ப்பரா இருந்தா சரிம்மா, அம்மாவைக் கேட்டதா சொல்லுன்னு விட்டுருவாரு. என்ன பதில் வந்துச்சுன்னு அவ கண்ணாலயே பாக்கட்டும். அப்பாவுக்கு யாராச்சும் பேச வேணும்னா எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க, செந்தூல் எனக்குப் பக்கம்தான், நேர்லயே வரேன்.