அட்டாலியில் கிடந்த எமர்ஜென்சி விளக்கும் கூடாரமும்: ஐப்பசி மழைக்குமுன் எதைச் சரிசெய்வது, எதைக் கழிப்பது?

கேள்வி – கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம். கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் இட்டேரியில் வண்டி இறங்காது. மின்சாரம் போனால் திரும்ப வர இரண்டு நாள்கூட ஆகியிருக்கிறது. அதற்கென்றே எமர்ஜென்சி விளக்கு இரண்டு, டார்ச், சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். மகன் வால்பாறைக்குக் கொண்டுபோகும் கூடாரம் ஒன்றும் உண்டு. ஜெனரேட்டர் மோட்டார் அறையில் நிற்கிறது. மற்றவற்றைச் சித்திரையில் தகரக் கூரைக்கு அடியிலுள்ள அட்டாலியில் ஏற்றிவைத்தோம். புரட்டாசிச் சனிக்கிழமைக்காக வீடு கழுவும்போது இறக்கிப் பார்த்தால், ஒரு விளக்கு இரவெல்லாம் சார்ஜ் போட்டும் பத்தே நிமிடத்தில் மங்கிவிடுகிறது. டார்ச்சின் ஸ்பிரிங்கில் வெண்மையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. கூடாரத்தின் உட்புறம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த மோர் வாடையும் அடிக்கிறது. இவற்றில் எவை தேறும்?

பதில் – பல்லடம்

அய்யா, பேட்டரிக் கடை வைத்திருப்பவன் என்பதால் விளக்கையும் டார்ச்சையும் பற்றி மட்டும் சொல்கிறேன். விளக்கில் இருப்பது 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி என்றால், சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. போதாக்குறைக்கு, வெப்பம் ஏறஏறப் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் வைப்பதும் அடுப்பு மேட்டில் வைப்பதும் ஒன்றுதான். முழுவதும் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 6.3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நல்லது. 6-க்குக் கீழே நின்றால் விளக்கை எறிய வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புதியதைக் கீழறையில் வைத்து, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள விளக்குகளுக்கு வழக்கம் வேறு. அவற்றைப் பாதி சார்ஜில் வைப்பதே ஆயுளுக்கு நல்லது.

டார்ச்சில் போட்டிருந்தது அல்கலைன் செல்லா, மலிவான துத்தநாக-கார்பன் செல்லா என்று முதலில் பாருங்கள். முன்னதில் கசிவது காரம், ஆகவே வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பின்னதில் கசிவது அமிலத் தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். எதுவானாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

பதில் – பொள்ளாச்சி

கூடாரம் தேறாது என்றே நினைக்கிறேன். துணியின் உட்புறத்தில் நீர் புகாமல் இருக்கப் பூசிய பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். நனைந்த கூடாரத்தைக் காயாமல் சுருட்டியிருப்பார்கள். வெங்காயச் சருகுபோல் உரியத் தொடங்கிவிட்டால் மழைக்கு அதை நம்ப வேண்டாம். அடுத்ததைச் சோப்புத் தூள் போடாமல் வெறும் நீரில் அலசி, வெயிலில் அல்லாமல் நிழலில் உலர்த்தி, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுவையுங்கள். கடையில் தந்த இறுக்கமான பை பயணத்துக்கு மட்டும்தான். எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியிலேயே சாரல் வந்துவிடுவதால் வைகாசியில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்போம்; உங்கள் பக்கத்துக்குப் புரட்டாசி சரியான காலம்.

கேட்டவர் – கோபிசெட்டிபாளையம்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு விளக்கு 5.2, மற்றது 6.4 காட்டியது. வினிகர் பட்டதும் டார்ச்சிலிருந்த பொடி நுரைத்துக் கழன்றது, இப்போது எரிகிறது. மகனிடம் கேட்டதற்கு, கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டியதை ஒப்புக்கொண்டான். ஜெனரேட்டரில் சித்திரையில் ஊற்றிய பெட்ரோல் அப்படியே இருக்கிறது, அதை ஓட்டலாமா?

பதில் – பல்லடம்

ஓட்ட வேண்டாம், அய்யா. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, நீரை டேங்கின் அடியில் சேர்த்துவிடும். கார்புரேட்டரின் சிறு துளைகளிலும் பழைய பெட்ரோல் பிசினாகப் படியும். பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு மூடிவையுங்கள். நனைகிறதே என்று அதைத் திண்ணையில் ஏற்றி ஓட்டிவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, சன்னல் வழியாக உள்ளே போனால் தூங்குபவர்களுக்குத் தெரியாது. வீட்டைவிட்டுத் தள்ளி நாலு கால் நட்டு, மேலே ஒரு தகரம் போட்டு, அதன்கீழ் வையுங்கள்.