128 பிட் இயங்குதளம் பிசிக்குத் தேவைப்படுமா?

நண்பர்களே, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு ஏன் மாறினோம் என்பது புரிகிறது. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் எண்தான் முகவரி; 32 பிட் முகவரியை வைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எட்டவே முடியாது. பெரிய வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் அது எந்த மூலைக்கு? 64 பிட்டில் அந்த எல்லை 1.6 கோடி டிபியைத் (1 டிபி = 1,024 ஜிபி) தாண்டுகிறது. பிசி பிராசசர்கள் பலவும் அதில் 48 பிட்டை மட்டும்தான் முகவரிக்கு எடுத்துக்கொள்கின்றன. அதுவே 256 டிபி! நம் கணினிகளில் இருப்பதோ 8, 16 ஜிபி.

அப்படியானால் 128 பிட்டுக்கு மாற நினைவகத்தைத் தவிர வேறு காரணம் ஏதாவது உண்டா? வேகத்துக்காக என்றால், 1999-இல் வந்த பென்டியம் 3-லேயே 128 பிட் ரெஜிஸ்டர்கள் (பிராசசருக்குள் கணக்கிடும் எண்களை வைக்கும் இடங்கள்) இருந்தன. நான்கு 32 பிட் எண்களை ஒரே கட்டளையில் கூட்டிவிடும். அதுவும் 32 பிட் இயங்குதளத்திலேயே ஓடியது. மேலும் முகவரி 128 பிட் ஆனால் ஒவ்வொரு பாயின்டரும் (புரோகிராம் முகவரியைச் சேமித்து வைக்கும் மதிப்பு) 8 பைட்டுக்குப் பதில் 16 பைட் பிடிக்கும், கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) சீக்கிரம் நிரம்பிவிடும். இது நஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாதுகாப்புக்கு அகலமான பாயின்டர் உதவும் என்கிறார்களே, அதற்கு இயங்குதளமே மாற வேண்டுமா? கெர்னல், கம்பைலர் பக்கம் வேலை செய்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.