அட்ரசின் அடித்த காட்டை பாக்டீரியா சுத்தம் செய்துவிடுமா?

கரிசல்காடு, பெரம்பலூர்
மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்தால் மண் செத்துப்போகும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1990களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், களைக்கொல்லி சிந்திய இடத்து மண்ணிலிருந்து சூடோமோனாஸ் ஏடிபி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) அட்ரசினை மட்டும் கொடுத்தாலும் அது வளர்கிறது. முதலில் மருந்து மூலக்கூறிலிருந்து குளோரினைக் கழற்றுகிறது, அதோடு களையைக் கொல்லும் வீரியம் போய்விடும். பிறகு அந்த மூலக்கூறின் நடுவிலுள்ள வளையத்தையும் உடைத்து அம்மோனியா, கரியமில வாயு என்று முடித்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன பயம்?

கிணற்றடி, ஆத்தூர்
அண்ணே, அது மருந்து சிந்தி ஊறிய இடம். அதை வைத்து எல்லாக் காட்டையும் எடைபோட முடியாது. ஜெர்மனி 1991லேயே அட்ரசினைத் தடை செய்தது. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பைக் காக்க முடியாது என்றுதான் 2004ல் ஐரோப்பிய ஒன்றியமும் கைவிட்டது. பாக்டீரியா எல்லாவற்றையும் தின்றிருந்தால் தண்ணீருக்குள் எப்படிப் போயிருக்கும்?

கரிசல்காடு
அங்கே மண்ணே குளிர். நம் வெயிலுக்கு பாக்டீரியா வேகமாக வேலை செய்யும். வருஷா வருஷம் அடித்த காட்டில் மருந்து சீக்கிரம் தீர்ந்து, களை முன்னாடியே முளைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மண்ணியல் மாணவி
பழகிய மண்ணில் சீக்கிரம் சிதையும் என்பது உண்மைதான் அண்ணா. இதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். எங்கள் ஆய்வகத் தட்டில் கண்ணாலேயே பார்க்கலாம்: அட்ரசின் அதிகம் கலந்த வளர்ப்பு ஊடகம் பால்போல மங்கலாக இருக்கும், அதைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விழும்.

ஆனால் தட்டில் ஈரம் எப்போதும் இருக்கிறது. மானாவாரிக் கரிசல் காய்ந்தால் வெயில் எவ்வளவு அடித்தாலும் அவற்றால் வேலை செய்ய முடியாது. யூரியா தாராளமாகக் கிடக்கும் மண்ணில் அட்ரசினைச் சிதைப்பதும் பல சமயம் மந்தமாகும், தழைச்சத்து சுலபமாகக் கிடைக்கிறதே! முக்கியமாக, இந்த வேலை பெரும்பாலும் மேல்மண்ணில் நடப்பது. அடித்த மறுநாளே கனமழை பெய்து மருந்து வேர்மட்டத்தைத் தாண்டினால், அங்கே உயிரும் குறைவு, உணவும் குறைவு. வருஷக்கணக்கில் கிடக்கும். கிணற்றடி அண்ணா கேட்டதற்குப் பதில் அதுதான்.

கிணற்றடி
காட்டிலும் தெரிகிறதேம்மா. பக்கத்துக் காட்டில் அட்ரசின் அடித்த மக்காச்சோளம் எடுத்துவிட்டு ஈரம் இருக்கும்போதே உளுந்து விதைத்தார்கள். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, கருகிச் சுருண்டன. பயறு ஊடுபயிர் போட்டால் அட்ரசின் வேண்டாம் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. மக்காச்சோளப்பயிர் தனக்குள்ளேயே அந்த மருந்தை முறித்துக்கொள்ளும். உளுந்துக்கு அந்தத் திறன் போதாது.

கரிசல்காடு
நான் ஊடுபயிரே போடுவதில்லை. களை எடுக்க ஆள் கிடைத்தால் எனக்கு எதற்கு மருந்து? முளைத்து ஒரு மாதம் காடு சுத்தமாக இல்லாவிட்டால் விளைச்சல் போச்சு. அதற்கு வழி சொல்லிவிட்டு எதிர்த்துப் பேசுங்கள்.

மண்ணியல் மாணவி
விதை வரிசை மேல் மட்டும் பட்டையாக அடித்து, இடைவெளியில் பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) ஓட்டிப் பாருங்கள் அண்ணா. ஏக்கருக்கு இறங்கும் மருந்து பாதிக்கும் கீழே வரும். மழை அறிவிப்பு இருந்தால் அன்றைக்கு அடிக்க வேண்டாம்.