ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மா நன்றாகப் பேசுகிறார், ஆனால் இடது பக்கத்தையே விட்டுவிடுகிறார். ஏன்?

உறையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. போன மாதம் மூளையின் வலது பக்கத்தில் ஸ்ட்ரோக். இடது கை, காலில் பலம் குறைவு; பிடித்துக்கொண்டால் நடக்கிறார். பேச்சு துளி குழறவில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் பெரியப்பா கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டை வரைக்கும் கதை சொல்கிறார். "பேச்சு நல்லா இருக்கே, பெருசா ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குத்தான் பயம்.

தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "பொரியல் வைக்கவே இல்லையே" என்கிறார். பொரியல் இடது பக்கம் அப்படியே இருக்கிறது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுகிறார். நேற்று கோல நோட்டில் நானே புள்ளி வைத்துக் கொடுத்தேன். வலது பக்கத் தாமரை இதழெல்லாம் பிசகாமல் வந்தது. இடது பக்கப் புள்ளிகளைத் தொடவே இல்லை. "முடிஞ்சுதாம்மா?" என்றால் "ம், அழகா வந்திருக்கில்ல?" என்கிறார். இடது கைக்குப் பயிற்சி செய்யச் சொன்னால் "என் கைக்கு என்ன கேடு?" என்று கோபம் வேறு. அண்ணன் இதைப் பிடிவாதம் என்கிறான்.

காவிரிக்கரை:
சர்க்கரை இருக்கா? முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். புரையாக இருக்கும்.

மறுவாழ்வு_கோவை:
கண்ணைக் காட்டுவது நல்லதுதான், ஆனால் இது புரை மாதிரித் தெரியவில்லை சகோதரி. ஸ்ட்ரோக்கில் ஒரு பக்கப் பார்வை போவதும் உண்டு. பார்வை மட்டும் போனவர்களுக்குப் பெரும்பாலும் குறை தெரிந்துவிடும், தலையைத் திருப்பிச் சமாளிப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு எதையோ விட்டுவிட்டோம் என்றே தோன்றவில்லை, பாருங்கள். இது கவனம் சம்பந்தப்பட்டது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் சோதிப்பார்கள்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில். சுற்றியுள்ள இடத்தின் மேல் கவனத்தைப் பரப்புவதில் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு. அதனால்தான் வாய் ஓயாமல் பேசுகிறவர் பாதித் தட்டை விடுகிறார். "என் கைக்கு என்ன கேடு" என்பதும் பிடிவாதம் இல்லை. தன் குறையை உணரும் திறனே அடிபடுவது இந்தப் பாதிப்போடு அடிக்கடி வரும். அண்ணனிடம் சொல்லுங்கள்.

1978ல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலன் கதீட்ரல் சதுக்கத்தை மனதில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். ஒரு முனையில் நிற்பதாக நினைத்தபோது வலது பக்கக் கட்டடங்களைத்தான் அதிகம் சொன்னார்கள். எதிர் முனைக்குப் போய் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்டுப்போன பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னார்கள்! நினைவு அழியவில்லை, கவனம்தான் இடது பக்கம் போகவில்லை.

டாக்டர் கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்வார், கடிகாரம் வரையச் சொல்வார். எண்கள் எல்லாம் வலது பக்கமே நெருக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் கோல நோட்டையும் எடுத்துப் போங்கள்.

தாம்பரம்_மீனா:
எங்கள் வீட்டில் நேர் தலைகீழ். அப்பாவுக்கு இடது மூளையில் ஸ்ட்ரோக், பேச்சு போய்விட்டது. கணக்கு வாத்தியார். "தண்ணி" என்று கேட்க வராது, ஆனால் நான் ஆரம்பித்து வைத்தால் ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பார். காபி வேண்டுமா என்றால் "வேண்டாம்" என்பார், கை டம்ளருக்கு நீளும். நாங்கள் வாயை நம்பாமல் கையைப் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

அப்பாவைப் பார்த்தவர்கள் எல்லாம் பதறினார்கள், ஸ்பீச் தெரபி அங்கே இங்கே என்று ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். உங்கள் அம்மா பேசுவதால் யாரும் பதற மாட்டார்கள். அதுதான் ஆபத்து அக்கா. விடாமல் கேளுங்கள்.

உறையூர்க்காரி:
நன்றி. மிலன் விஷயத்தைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "மார்க்கெட் பக்கமிருந்து நம்ம தெருவுக்குள்ள வர்றீங்க, யார் யார் வீடு?" தையல் கடை, மாவு மில், டீச்சர் வீடு. அத்தனையும் வலது கை வரிசை. கோயில் பக்கமிருந்து வரச் சொன்னேன். இந்த முறை ரேஷன் கடை, எதிர்வீட்டு மாமி, மாமியின் நாய் கூட வந்தது. டீச்சர் வீட்டைக் காணோம்! அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். அதற்கப்புறம் பிடிவாதம் என்ற பேச்சே இல்லை.

இப்போது கேள்வி: வீட்டில் என்ன செய்யலாம்? சமையலறைக்குள் போகிறேன் என்று தினமும் சண்டை.

மறுவாழ்வு_கோவை:
தனியாகச் சமைக்க இப்போதைக்கு விடவே விடாதீர்கள். இடது அடுப்பு எரிவதை அவர் கவனிக்காமலே போகலாம். சேலைத் தலைப்பும் அந்தப் பக்கம்தான்.

தண்ணீரும் கூப்பிடுகிற மணியும் வலது பக்கம் இருக்கட்டும், அது பாதுகாப்புக்கு. பயிற்சி நேரத்தில் மட்டும் இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். பேப்பர் படிக்கும்போது இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே படிக்கச் சொல்லுங்கள். கோலத்துக்கும் அதேதான். சாப்பாடு பாதியில் நின்றால், தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் தட்டைச் சுற்றி வையுங்கள். சீக்கிரம் களைத்துவிடுவார், கால் மணி நேரம் போதும்.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறமும் தொடரும். அடுத்த செக்கப்பில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிசியோ மட்டும் போதும் என்று சொன்னால் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.